பணம் போதாதபோது கவுன்சில் பட்ஜெட் போடுவது எப்படி? இங்கிலாந்து உள்ளாட்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் கவுன்சிலின் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. அந்த ஆண்டுக்கான கவுன்சில் வரியை (வீடுகள் மீது போடும் உள்ளாட்சி வரி) அதற்கு முந்தைய மார்ச் 11க்கு முன் நிர்ணயித்துவிட வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம். லண்டனில் உள்ள மத்திய அரசு பற்றாக்குறையோடு பட்ஜெட் போடலாம், கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கலாம். கவுன்சிலுக்கு அந்த வசதி கிடையாது. அதன் அன்றாடச் செலவு வருமானத்துக்கும் கையிருப்புக்கும் உள்ளேயே அடங்க வேண்டும். ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ், குரோய்டன் என்று நம்மவர்கள் அதிகம் வாழும் லண்டன் பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள நகரப் பகுதிகள், எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

புதிதாகத் தேர்வான கவுன்சிலர், மானியத்தை நம்பியிருக்கும் முதியோர் சங்கத்தின் செயலாளர், வரி ஏன் ஏறியது என்று கேட்கும் குடியிருப்பாளர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. படிகளை வரிசையாகத் தருகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். கவுன்சில் பட்ஜெட்டில் எந்தத் தொகையைப் பார்த்தாலும் 'இது ஆண்டுதோறும் வருவதா, ஒருமுறை மட்டும் வருவதா?' என்று கேளுங்கள். நிரந்தரச் செலவை ஒருமுறைப் பணத்தால் அடைத்துக்கொண்டே போன கவுன்சில்கள்தான் கடைசியில் அரசிடம் கையேந்தி நிற்கின்றன.

படி 1: எந்தப் பணம் எந்தக் கணக்கில்

கவுன்சிலின் பணம் ஒரே குவியல் இல்லை. குறைந்தது நான்கு கணக்குகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விருப்பம்போல் மாற்ற முடியாது.

பொது நிதிதான் பட்ஜெட் சண்டை நடக்கும் இடம். முதியோர், குழந்தைகள் பராமரிப்பு, குப்பை, நூலகம், சாலைப் பராமரிப்பு, வீடற்றோர் உதவி எல்லாம் இதிலிருந்துதான் போகின்றன. கவுன்சில் வீடுகளின் வாடகை தனி வீட்டுவசதிக் கணக்கில் சேரும். அது வேலி போட்ட பணம். அந்தக் கணக்கைப் பற்றாக்குறையில் விடும்படி பட்ஜெட் போடவும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளிகளுக்கான மானியம் மூன்றாவது. நான்காவது மூலதனக் கணக்கு: கட்டடம், சாலை, வாகனம் போன்ற நீண்ட நாள் உழைக்கும் சொத்துகளுக்கானது.

பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, 'பழைய டவுன் ஹாலை விற்றீர்களே, அந்தப் பணத்தில் நூலகத்தை நடத்தலாமே' என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சொத்து விற்ற பணம் மூலதன வரவு. அதைப் புதுச் சொத்துக்கோ பழைய கடனை அடைக்கவோதான் பயன்படுத்தலாம். நிர்வாகத்தை மாற்றியமைத்துச் செலவைக் குறைக்கும் திட்டங்களுக்கு மட்டும் 2016 முதல் ஒரு விலக்கு உண்டு. நூலகரின் மாதச் சம்பளம் அந்த விலக்கில் வராது.

பள்ளிக் கணக்கில் ஒரு கண்ணிவெடி புதைந்திருக்கிறது. சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்கான செலவு அரசு தரும் மானியத்தைத் தாண்டியதால் பல கவுன்சில்களில் அந்தக் கணக்கு ஆழமான பற்றாக்குறையில் இருக்கிறது. அதைப் பொது நிதியோடு சேர்க்காமல் தள்ளிவைக்க 2020இல் ஒரு தற்காலிகச் சட்டவிலக்கு வந்தது. அது நீட்டிக்கப்பட்டு, 2028 மார்ச் வரை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பட்ஜெட் அறிக்கையில் இந்தத் தொகை பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

படி 2: நாட்காட்டி

வேலை ஜூன், ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது நிதித்துறை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கான நிதித் திட்டத்தைப் புதுப்பித்து, பற்றாக்குறை எவ்வளவு என்று முதல் மதிப்பீடு தரும். செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொரு துறையும் வெட்டுகளை முன்மொழியும். நவம்பர், டிசம்பரில் கேபினட் (கவுன்சிலை நடத்தும் தலைமைக் குழு) வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கும்.

அரசு எவ்வளவு தரும் என்பதோ டிசம்பர் நடுவில், பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு வாரம் முன்னர்தான் தெரியவரும். அதுவும் தற்காலிக அறிவிப்பு. இறுதி எண் பிப்ரவரியில். ஆகவே முக்கிய வருமானங்களில் ஒன்று தெரியாமலேயே பாதிப் பட்ஜெட் போடப்படுகிறது. நல்ல நிதி அதிகாரி மோசம், நடுத்தரம், நல்லது என்று மூன்று கணக்கு வைத்திருப்பார். நல்லதை மட்டும் வைத்து வெட்டுகளைத் தள்ளிப்போட்ட கவுன்சில் ஜனவரியில் அவசர அவசரமாகக் கத்தியை எடுக்கும்.

டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரையிலான காலத்துக்குள் வரி அடித்தளத்தை (விளக்கம் படி 4இல்) கணக்கிட வேண்டும். கவுன்சில் வரி வசூல் கணக்கில் மிச்சமா, துண்டா என்பதை ஜனவரி 15 அன்று மதிப்பிட வேண்டும். பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் முதல் வாரத்தில் முழு கவுன்சில் வாக்களிக்கும். அந்தக் கூட்டத்தில் எதுவும் மாறும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஒரு நூலகத்தையோ பகல்நேரப் பராமரிப்பு மையத்தையோ காப்பாற்ற விரும்புகிறவர்கள் அக்டோபரிலேயே கவுன்சிலரைப் பார்த்துவிட வேண்டும்.

படி 3: இடைவெளியைக் கணக்கிடுதல்

ஒரு கற்பனை லண்டன் பரோவை எடுத்துக்கொள்வோம். அதன் நிகரப் பட்ஜெட் 240 மில்லியன் பவுண்டு. இதில் 144 மில்லியன் கவுன்சில் வரி, மீதி 96 மில்லியன் அரசு மானியமும் பிசினஸ் ரேட்ஸும் (கடை, அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்கள் மீதான வரி). சேவையில் எதையும் மாற்றாமல் அப்படியே நடத்தினால் அடுத்த ஆண்டு எவ்வளவு கூடுதலாகத் தேவை?

சம்பளப் பட்டியல் 120 மில்லியன், உயர்வு 3 சதவீதம்: 3.6 மில்லியன். ஒப்பந்தங்கள் 90 மில்லியன், விலையேற்றம் 4 சதவீதம்: 3.6. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பில் ஆள் கூடுவது: 4.5. கவுன்சில் பொறுப்பில் உள்ள குழந்தைகளின் தங்குமிடம்: 3.5. வீடற்றோருக்கான தற்காலிகத் தங்குமிடம்: 5. கடன் வட்டியும் அசல் ஒதுக்கீடும்: 1.3. முதியோர் இலவசப் பயணத்துக்கான பங்கு: 0.5. நடப்பாண்டில் திட்டமிட்டு நிறைவேறாத வெட்டுகள்: 2. மொத்தம் 24 மில்லியன்.

இந்தப் பட்டியலில் ஏமாற்றம் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிடலாம்.

சம்பள உயர்வைக் கவுன்சில் தனியாக முடிவு செய்வதில்லை. பெரும்பாலான கவுன்சில்களுக்குத் தேசிய அளவில் பேசி முடிக்கிறார்கள். அதுவும் ஆண்டு தொடங்கிப் பல மாதம் கழித்து. 2022இல் பல கவுன்சில்கள் 2 சதவீதம் என்று எழுதிவைத்தன. நவம்பரில் முடிவானபோது ஆளுக்கு 1,925 பவுண்டு என்று வந்தது. கடைநிலை ஊழியருக்கு அது 10 சதவீதத்துக்கும் மேல். பட்ஜெட்டில் இல்லாத அந்தப் பணம் ஆண்டின் நடுவே கையிருப்பிலிருந்துதான் போனது.

ஒப்பந்தங்களில் பெரியவை கேர் ஹோம்களும் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் நிறுவனங்களும்தான். அவற்றின் செலவில் பெரும்பகுதி குறைந்தபட்சக் கூலி. அது 2025 ஏப்ரலில் மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 ஆனது. அதே மாதம் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8இலிருந்து 15 சதவீதமாகி, வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. கவுன்சில் நேரடியாக வைத்திருக்கும் ஊழியருக்கு அரசு ஓரளவு ஈடு கொடுத்தது. ஒப்பந்த நிறுவனங்களின் சுமைக்கு ஈடு இல்லை. அது விலையாகத் திரும்பிவந்தது. ஆகவே பொதுவான விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பராமரிப்பு ஒப்பந்தங்களைக் கணக்கிடுவது தவறு. கூலி உயர்வை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

தற்காலிகத் தங்குமிடம்தான் இப்போது லண்டனின் பெரிய ஓட்டை. வீடற்ற குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுப்பது சட்டக் கடமை. கவுன்சில் கொடுக்கும் வாடகையை அரசு திருப்பித் தருவதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2011 ஜனவரியில் இருந்த உள்ளூர் வாடகைப்படியில் (தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவியின் அளவு) 90 சதவீதம், அவ்வளவுதான். வாடகை எங்கே போனாலும் அந்த வரம்பு அசையவில்லை. வார வாடகை 450 பவுண்டு, திரும்பக் கிடைப்பது 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10,400 பவுண்டு கவுன்சிலின் கையிலிருந்து போகும். 480 குடும்பங்கள் கூடினால் 5 மில்லியன். நமது கற்பனைப் பட்டியலில் உள்ள எண் அப்படி வந்ததுதான். இந்த வரிக்கு மட்டும் ஆண்டு சராசரியைப் பார்க்காதீர்கள். கடைசி மூன்று மாதத்தின் போக்கைப் பாருங்கள்.

கடைசி வரியான 'நிறைவேறாத வெட்டுகள்' பல கவுன்சில்களில் எழுதப்படுவதே இல்லை. போன ஆண்டு 8 மில்லியன் மிச்சம் பிடிப்போம் என்று சொல்லி 6 மட்டுமே பிடித்திருந்தால், அந்த 2 மில்லியன் இந்த ஆண்டுக்கும் துண்டுதான். அதை எழுதாமல் விட்டால் பட்ஜெட் முதல் நாளிலேயே பொய்யாகிவிடுகிறது.

படி 4: வருமானத்தில் எவ்வளவு கூடும்

வீடுகள் 1991 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பின்படி ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவாக உள்ளன. வரி டி பிரிவில் நிர்ணயிக்கப்படும். ஏ வீடு அதில் ஒன்பதில் ஆறு பங்கு, எச் வீடு ஒன்பதில் பதினெட்டு, அதாவது இரு மடங்கு கட்டும். எல்லா வீட்டையும் டி வீடாக மாற்றி, தள்ளுபடிகளைக் கழித்து, வசூலாகாத பங்கையும் கழித்தால் வருவதே வரி அடித்தளம்.

நமது பரோவில் அது 90,000. டி வரி 1,600 பவுண்டு. பெருக்கினால் 144 மில்லியன். பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் பொதுவாக 3 சதவீதமும், முதியோர் பராமரிப்புக்கென்று 2 சதவீதமும் ஏற்றலாம். 5 சதவீதத்தை எட்டிவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பல கவுன்சில்கள் 4.99 என்று நிறுத்துவது அதனால்தான். நமது கணக்கில் 4.99 சதவீதம் 7.19 மில்லியன் தரும். டி வீட்டுக்கு ஆண்டுக்கு 79.84 பவுண்டு கூடும். புது வீடுகளால் அடித்தளம் 1 சதவீதம் வளர்ந்தால் மேலும் 1.5 மில்லியன். மானியமும் பிசினஸ் ரேட்ஸும் 5.3 கூடுகின்றன என்று வைப்போம். சேர்த்தால் 14 மில்லியன். தேவை 24. இடைவெளி 10 மில்லியன்.

வாக்கெடுப்பு நடத்தி வெல்லலாமே என்றால், வரிக்காக இதுவரை வாக்காளரிடம் போனது ஒரே ஒருவர்தான். 2015 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷையர் போலீஸ் ஆணையர் 15.8 சதவீத உயர்வு கேட்டார், மக்கள் நிராகரித்தார்கள். 2017இல் சர்ரே கவுண்டி 15 சதவீதம் கேட்கப் போவதாக அறிவித்துப் பின்வாங்கியது. இன்னொரு வழி, அமைச்சரிடம் சிறப்பு அனுமதி வாங்குவது. 2023-24இல் குரோய்டன் 15 சதவீத அளவுக்கு ஏற்றியதும், 2025-26இல் நியூஹாம் 9 சதவீத அளவுக்கு ஏற்றியதும் அந்த வழியில்தான். ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்கு வந்த பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்களுக்கு இதுதான் விளக்கம்.

ஓராண்டு வரியை ஏற்றாமல் விடுவது அரசியலுக்கு இனிப்பு. ஆனால் விட்ட சதவீதம் திரும்பி வராது. அடுத்த ஆண்டின் வரம்பு ஏற்றாமல் விட்ட குறைந்த வரித்தொகையின் மீதே கணக்கிடப்படும். நமது பரோ ஓராண்டு உறையவைத்தால் 7.19 மில்லியன் அந்த ஒரு ஆண்டோடு போகாது, ஒவ்வோர் ஆண்டும் போகும்.

கட்டணங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கவுன்சில் விருப்பச் சேவைக்கு வாங்கும் கட்டணம் பொதுவாக அதை நடத்தும் செலவைத் தாண்டக் கூடாது. தெருவோரப் பார்க்கிங் மிச்சத்தைச் சட்டம் சொல்லும் போக்குவரத்து வகைகளுக்குத்தான் செலவிட முடியும். வேறு செலவுக்குப் பணம் திரட்டவே குடியிருப்பாளர் பெர்மிட் விலையை ஏற்றினார்கள் என்று 2013இல் உயர் நீதிமன்றம் பார்னெட் கவுன்சிலின் உயர்வைச் சட்டவிரோதம் என்றது. 'பார்க்கிங்கில் 1 மில்லியன்' என்று பட்ஜெட்டில் ஒரு வரி பார்த்தால் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

காலி வீடுகள் மேல் கூடுதல் வரி போடலாம். ஓராண்டு காலியாக இருந்தால் இரு மடங்கு வரை வசூலிக்கும் அதிகாரம் 2024 ஏப்ரலில் வந்தது. தொகை பெரிதல்ல.

படி 5: எங்கே வெட்டுவது

'சட்டக் கடமை இல்லாததை நிறுத்திவிடுங்கள்' என்பது எளிதாக வரும் ஆலோசனை. கஷ்டம் என்னவென்றால், பணத்தில் பெரும்பகுதி சட்டக் கடமைகளில்தான் இருக்கிறது. முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, வீடற்றோர் உதவி ஆகிய மூன்றுமே சேர்ந்து பெரிய கவுன்சிலின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் விழுங்கும். பூங்கா, விளையாட்டு மையம், சங்கங்களுக்கான மானியம், இளைஞர் மன்றம் எல்லாவற்றையும் மூடினாலும் 10 மில்லியன் தேறாது. நூலகம்கூட முழுக்க விருப்பச் சேவை இல்லை. 'முழுமையான, திறமையான' நூலகச் சேவை தர வேண்டும் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எத்தனை கிளை என்று சொல்லவில்லை என்பதால் கிளைகள்தான் முதலில் விழும்.

ஆகவே உண்மையான வெட்டு கடமைகளுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். ஒரு குழந்தையைத் தனியார் இல்லத்தில் வைப்பதற்குப் பதில் வளர்ப்புக் குடும்பத்தில் வைத்தால் செலவு பல மடங்கு குறையும். ஆனால் வளர்ப்புக் குடும்பங்களைச் சேர்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும். இரவு வாடகை அறைகளில் இருக்கும் குடும்பங்களை நீண்டகாலக் குத்தகை வீடுகளுக்கு மாற்றலாம். மருத்துவமனையிலிருந்து வரும் முதியவருக்கு ஆறு வாரம் தீவிரப் பயிற்சி தந்து சொந்தக் காலில் நிற்கவைத்தால் பிறகு தேவைப்படும் பராமரிப்பு நேரம் குறையும். மூன்றுக்கும் முதலில் செலவு, பிறகுதான் மிச்சம். இதற்குத்தான் கையிருப்பைப் பயன்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு வெட்டு முன்மொழிவுக்கும் ஒரு பக்கத் தாள் கேளுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: மிச்சமாகும் தொகை, எந்த மாதத்திலிருந்து, முன்செலவு எவ்வளவு, எத்தனை பணியிடம் போகும், யார் பாதிக்கப்படுவார், பொறுப்பதிகாரி யார், வேறு துறைக்குச் செலவு தள்ளப்படுகிறதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். முதியோர் பகல் மையத்துக்கான 60,000 பவுண்டு மானியத்தை நிறுத்திவிட்டு, அங்கே வந்துகொண்டிருந்தவர்களில் மூன்று பேர் கேர் ஹோமுக்குப் போனால் மிச்சம் எதுவும் இல்லை, நட்டம்தான்.

'செயல்திறன் மேம்பாடு', 'டிஜிட்டல் மாற்றம்', 'ஒப்பந்த மறுபேச்சு' என்ற தலைப்பில் உருண்டையான எண் எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். யாருடைய வேலை, எந்த ஒப்பந்தம், எப்போது முடிகிறது என்று பெயர் சொல்ல முடியாத மிச்சம் தாளில் மட்டுமே இருக்கும்.

ஆள்குறைப்புக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. 20 முதல் 99 பேரை நீக்கினால் முதல் நீக்கத்துக்கு 30 நாள் முன்பும், 100 அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள் முன்பும் யூனியனோடு கலந்து பேசத் தொடங்க வேண்டும். அதன் பிறகு பணி நீண்டவர்களுக்கு 12 வாரம் வரை நோட்டீஸ். பிப்ரவரி 25 அன்று வாக்களித்துவிட்டு அதன் பிறகு பேச்சைத் தொடங்கினால் ஆள் போவது ஜூலையில். ஆண்டுக்கு 40,000 பவுண்டு செலவாகும் பணியிடம் முதல் ஆண்டில் 30,000 மட்டுமே மிச்சமாக்கும். ஈட்டுத் தொகை அதற்கு மேல். பலரும் முழு ஆண்டுத் தொகையை எழுதிவைத்துச் செப்டம்பரில் விழிக்கிறார்கள்.

நமது பரோ 10 மில்லியனை இப்படி அடைக்கிறது: வெட்டுகள் 7, கட்டணங்கள் 1, கையிருப்பு 2. எல்லா வெட்டும் நிறைவேறாது என்பதால் 8.5 மில்லியனுக்குத் திட்டம் வைத்துக்கொண்டு 7 மட்டுமே கணக்கில் எழுதுவது விவேகம். கையிருப்பிலிருந்து எடுத்த 2 மில்லியன் அடுத்த ஏப்ரலில் மீண்டும் துண்டாக வந்து நிற்கும்.

படி 6: மக்களிடம் கேட்பது

கேட்பதாக நடித்தால் நீதிமன்றம் விடாது. திட்டம் இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், பதில் சொல்லப் போதிய விவரம் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு பிரென்ட் பள்ளி வழக்கிலிருந்து வந்த இந்த நான்கு விதிகள் இன்றும் அளவுகோல். ஹாரிங்கே கவுன்சில் ஏழைகளுக்கான வரிச்சலுகையைக் குறைப்பது பற்றிக் கருத்துக் கேட்டபோது, வரியை உயர்த்துவது, கையிருப்பை எடுப்பது போன்ற மாற்றுவழிகள் இருந்தன என்பதையே மக்களுக்குச் சொல்லவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்துக்கேட்பு சட்டப்படி செல்லாது என்றது.

வரிச்சலுகைத் திட்டம் வெட்டுக்கு அடிக்கடி இலக்காகும். ஓய்வூதிய வயதினருக்கான சலுகையைத் தேசிய விதி காக்கிறது. கவுன்சில் கைவைக்க முடிவது வேலை செய்யும் வயதில் உள்ள ஏழைகள் மேல்தான். கைவைத்தால் வசூல் விகிதமும் விழும். கட்ட முடியாதவரிடம் கேட்பதால் வரும் தொகையில் ஒரு பங்கு நிலுவையாகவே தங்கும். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுப்படி, முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெண்கள், சிறுபான்மை இனத்தார் மீது ஒவ்வொரு வெட்டும் என்ன தாக்கம் செய்யும் என்று முடிவுக்கு முன்பே ஆராய வேண்டும். தமிழ் முதியோர் மையம் ஒன்று மூடப்படும் நிலையில் இருந்தால் இந்த ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆங்கிலம் பேசாத எழுபது வயதுக்காரர் வேறு எந்த மையத்துக்குப் போவார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டது பதிவில் நிற்கும்.

படி 7: 25ஆம் பிரிவு அறிக்கை

பட்ஜெட் கட்டு பல நூறு பக்கம் வரும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர் ஒன்றை மட்டும் படிக்கலாம்: 2003ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ்த் தலைமை நிதி அதிகாரி தரும் அறிக்கை. மதிப்பீடுகள் உறுதியானவையா, கையிருப்பு போதுமா என்று அவர் தம் பெயரில் சொல்ல வேண்டும். கவுன்சிலர்கள் அதைக் கருத்தில் கொண்டே வாக்களிக்க வேண்டும்.

இந்த அறிக்கைகள் மென்மையான மொழியில் எழுதப்படும். 'குறிப்பிடத்தக்க இடர்கள் உள்ளன, ஆனால் ஏற்கத்தக்கவை' என்றால் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று பொருள். போன ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

கையிருப்புக்குச் சட்டப்படி நிலையான குறைந்தபட்ச அளவு கிடையாது. நிகரப் பட்ஜெட்டில் 5 சதவீத அளவு பொதுக் கையிருப்பு என்பது பலர் வைக்கும் உத்தேசக் கணக்கு; நமது பரோவுக்கு 12 மில்லியன். இதைத் தவிர நோக்கம் குறித்த கையிருப்புகள் இருக்கும். 'கவுன்சில் 70 மில்லியனை வைத்துக்கொண்டு வெட்டுகிறது' என்று துண்டறிக்கை வந்தால், அதில் பள்ளிகளின் பணம், காப்பீட்டு ஒதுக்கீடு, நிபந்தனையோடு வந்த மானியம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

படி 8: வாக்களிக்கும் இரவு

கேபினட் முன்மொழியும், முழு கவுன்சில் முடிவெடுக்கும். எதிர்க்கட்சி மாற்றுப் பட்ஜெட் கொண்டுவரலாம், ஆனால் நிதி அதிகாரி முன்கூட்டியே அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான கவுன்சில்களில் சில நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் உள்ள நியூஹாம், குரோய்டன், லூயிஷம், ஹாக்னி, டவர் ஹாம்லெட்ஸில் மேயரின் பட்ஜெட்டை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது.

2014 முதல் பட்ஜெட் வாக்கில் யார் எந்தப் பக்கம் என்பதைப் பெயரோடு பதிய வேண்டும். இன்னொன்று: கவுன்சில் வரியில் இரண்டு மாதமோ அதற்கு மேலோ பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் அதைச் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் இருக்க வேண்டும். மீறினால் குற்றம். ஒவ்வோர் ஆண்டும் அதிகாரிகள் இதைக் காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள்.

பட்ஜெட்டுக்கு எதிராக வாக்களிப்பது உரிமை. பட்ஜெட்டே இல்லாமல் போவது வேறு கதை. பில் அச்சாகாது, ஏப்ரல் தவணை வராது, பணப்புழக்கம் நிற்கும். 1985இல் அரசின் வரி வரம்பை எதிர்த்து வரி நிர்ணயத்தைத் தாமதப்படுத்திய லாம்பெத், லிவர்பூல் கவுன்சிலர்கள் நட்டத்தைக் கையிலிருந்து கட்டும்படி தண்டிக்கப்பட்டு, பதவியும் இழந்தார்கள். அந்தத் தனிப்பட்ட அபராதம் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது.

படி 9: எப்படியும் பொருந்தவில்லை என்றால்

முதல் கதவு, அரசின் விசேஷ நிதி உதவி. பெயரைக் கேட்டு மானியம் என்று நினைக்க வேண்டாம். அன்றாடச் செலவை மூலதனச் செலவாகக் கருதிக்கொள்ளக் கிடைக்கும் அனுமதி அது. பணம் கவுன்சிலே கடன் வாங்கியோ சொத்தை விற்றோ திரட்ட வேண்டும். 20 மில்லியன் கடனை 20 ஆண்டில் அடைக்க, வட்டி 5.5 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் அசல் 1 மில்லியன், வட்டி 1.1 மில்லியன். அதாவது இந்த ஆண்டின் ஓட்டையை அடைத்த பணம் அடுத்த ஆண்டின் ஓட்டையை 2.1 மில்லியன் பெரிதாக்கும். 2025-26க்கு 30 கவுன்சில்கள் இந்தக் கதவைத் தட்டி அனுமதி பெற்றன.

இரண்டாவது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அறிவிப்பு. செலவு வருமானத்தை மிஞ்சப் போகிறது என்று தலைமை நிதி அதிகாரி கருதினால் அவர் அதை வெளியிட்டே ஆக வேண்டும். கவுன்சில் தலைவரின் சம்மதம் தேவையில்லை. 21 நாளுக்குள் முழு கவுன்சில் கூடிப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அவர் எழுத்தில் அனுமதிக்காத புதுச் செலவு ஒப்பந்தம் எதுவும் கூடாது. செய்தித்தாள்கள் 'திவால்' என்று எழுதும். கவுன்சில் சட்டப்படி திவாலாகாது. சம்பளம் போகும், குப்பை எடுக்கப்படும், பராமரிப்பு தொடரும். பிறகு அரசு அனுப்பும் ஆணையர்கள் வரலாம்.

அறிவிப்பு கொடுத்தவற்றின் காரணங்கள் ஒன்றுபோல் இல்லை. 2018இல் அறிவிப்பு கொடுத்த நார்தாம்ப்டன்ஷையர், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் வரியை ஏற்றாமல் வைத்திருந்தது. 2020 நவம்பரில் குரோய்டன், தன் சொந்த வீடுகட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் திரும்பாத நிலையில். 2022 டிசம்பரில் தர்ராக், சூரியமின் பண்ணைகளில் போட்ட கடன்பணத்தால். 2023 ஜூனில் வோக்கிங்: ஆண்டு நிதி 16 மில்லியன் மட்டுமே உள்ள சிறு கவுன்சில், 1.2 பில்லியன் பற்றாக்குறையை அறிவித்தது. கட்டடத் திட்டங்களுக்கு வாங்கிய கடனின் அசலுக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகையை அது முறையாக ஒதுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹாம், பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகளாலும் கோளாறான புதுக் கணக்குக் கணினி முறையாலும்.

அரசு மானியம் 2010க்குப் பின் கடுமையாகக் குறைந்தது எல்லோருக்கும் பொது. ஆனாலும் முதலில் சரிந்தவை பெரும்பாலும் அந்தக் குறையை ஒரு துணிச்சலான பந்தயத்தால் ஈடுகட்ட முயன்றவை, அல்லது தெரிந்த பொறுப்பை ஏட்டில் எழுதாமல் தள்ளியவை. உங்கள் கவுன்சில் தன் சொந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது, அவை வட்டியைப் பணமாகக் கட்டுகின்றனவா அல்லது கணக்கில் மட்டும் ஏற்றுகின்றனவா என்று கேட்பது அதனால்தான் அவசியம்.

படி 10: ஏப்ரலுக்குப் பிறகு

வாக்கு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. பட்ஜெட் நிற்குமா விழுமா என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான முதல் காலாண்டு அறிக்கையில்தான் தெரியும். அது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கேபினட்டுக்கு வரும். வெட்டுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கப்பட்டிருக்கும். மஞ்சளை நம்பாதீர்கள், ஜூலையில் மஞ்சளாக இருப்பது டிசம்பரில் சிவப்பாகும். ஒரு துறையின் அதிகச் செலவை இன்னொரு துறையின் காலிப் பணியிடங்களால் சமன்செய்து 'மொத்தத்தில் சரி' என்று காட்டியிருந்தால், அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படும் மாதத்தில் கணக்கு உடையும்.

500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவையும் கவுன்சில் இணையத்தில் வெளியிட வேண்டும். மாதப் பட்டியலை இறக்கி, தற்காலிகத் தங்குமிட நிறுவனங்களுக்கும் ஏஜென்சி ஆட்களுக்கும் போன தொகையை மட்டும் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் அதிகாரப்பூர்வ அறிக்கை வருவதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும். அந்த எண்ணோடு உங்கள் கவுன்சிலருக்கு ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் வெட்டுப் பட்டியலைத் துறைகள் அப்போதுதான் தயாரித்துக்கொண்டிருக்கும்.